கோயம்புத்தூர் "ங்க"வும் மதுரை "அண்ணே"வும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மதுரைக்காரன். மூன்று வருடமாகக் கோயம்புத்தூரில் படிக்கிறேன். அதனால் இதைப் படித்துவிட்டு இரண்டு ஊர்க்காரர்களும் என்னை அடிக்க வரலாம். கோயம்புத்தூர்க்காரர்கள் "அடிக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டு அடிப்பார்கள். மதுரைக்காரர்கள் அடித்துவிட்டு "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்பார்கள். :-)

இந்த ஜோக்கை எங்கள் ஹாஸ்டலில் எப்போது சொன்னாலும் சிரிப்பு நிச்சயம். முதல் வருடம் முழுக்க நானே பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். மூன்றாம் வருடம் ஹாஸ்டலை விட்டு வெளியே வீடு தேடப் போனபோதுதான் சிரிப்பு நின்றுபோனது.

நாங்கள் நான்கு பேர். இரண்டு பேர் மதுரை, ஒருவன் தேனி, ஒருவன் சேலம். பீளமேடு பக்கம் ஒரு வீடு. மாடி போர்ஷன், தண்ணீர் வசதி, காலேஜுக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், "நல்லா படிக்கோணுங்க தம்பி" என்றார். எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் "எந்த ஊருங்க?" என்று கேட்டார். மதுரை என்றேன். ஒரு நொடி பேச்சு நின்றது. பிறகு, "பாக்கலாங்க தம்பி, வீட்டுல கலந்துட்டு போன் பண்றனுங்க" என்றார்.

போன் வரவில்லை. அடுத்த வீட்டிலும் இதே "பாக்கலாங்க". மூன்றாவது இடத்தில் புரோக்கரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, மதுரைப் பசங்கன்னா கொஞ்சம் யோசிக்கிறாங்க. தப்பா நினைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். அன்று ராத்திரி ஹாஸ்டலில் கோயம்புத்தூரையே கிழித்துத் தொங்கவிட்டேன். "இவங்க மரியாதை எல்லாம் வெளிவேஷம், உதட்டுல தேன், உள்ள விஷம்" என்றெல்லாம் பேசினேன். என் பெஞ்ச்மேட் சிங்காநல்லூர்க்காரன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்: "மதுரைக்காரன் எல்லாம் ரௌடின்னு அவரு சொன்னா தப்பு. கோயம்புத்தூர்க்காரன் எல்லாம் வேஷம்னு நீ சொன்னா மட்டும் சரிங்களா?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் இத்தனை மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

சண்டை எதற்கு?

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது அண்ணன் தம்பி போட்டி. இரண்டும் நகராட்சி ஆனது ஒரே வருடம், 1866. மாநகராட்சி ஆனதில் மதுரைக்குப் பத்து வருடம் முந்தி. மதுரை 1971, கோவை 1981. உலகத் தமிழ் மாநாடு 1981-ல் மதுரையில் நடந்தது. செம்மொழி மாநாடு 2010-ல் கோவையில் நடந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இரண்டு மாநகராட்சிகளுமே பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டியவை. "சென்னைக்கு அடுத்த ஊர் எது?" என்ற கேள்வியை எங்கள் மெஸ்ஸில் தூக்கிப் போட்டால் போதும், சாம்பார் ஆறிவிடும்.

"எங்க நத்தம் ரோட்டுப் பாலம் ஏழு கிலோமீட்டர்" என்று 2023-ல் மதுரைப் பசங்கள் பெருமைப்பட்டார்கள். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் பாலத்தைத் திறந்து கோவை பதில் சொன்னது. அடுத்த மாதமே இரண்டு ஊர் மெட்ரோ ரயில் திட்டத்தையும் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்பது. இரண்டு ஊர்ப் பசங்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ஆளைத் திட்டியது அன்று ஒரு ராத்திரி மட்டும்தான். மறுநாள் காலை "உங்களுக்கு எதுக்குப்பா மெட்ரோ?" என்று பழைய கதை ஆரம்பித்துவிட்டது.

இந்த மாதிரிப் போட்டி நல்லதுதான். பாலத்தையும் மாநாட்டையும் எண்ணிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் நஷ்டம் இல்லை. "அந்த ஊர்க்காரன் குணமே அப்படித்தான்" என்று ஆரம்பிக்கும்போதுதான் வினை.

பேச்சில் இருக்கும் வித்தியாசம்

வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காது இருக்கிற யாருக்கும் அது தெரியும்.

கோவையில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. "வாங்க, சொல்லுங்க, இல்லீங்க, ஆமாங்க." ரோட்டில் என் சைக்கிள் ஒரு முறை ஒரு பைக்கில் உரசிவிட்டது. அவர் கோபமாக இறங்கி வந்து கேட்டது, "அறிவிருக்குங்களா?" திட்டும்போதுகூட அந்த "ங்க" போகாது.

மதுரையில் மரியாதை கூப்பிடும் சொல்லில் இருக்கிறது. அண்ணே, அக்கா, ஆத்தா, மாப்ள, பங்காளி. உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் மரியாதை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வினைச்சொல்லில் "ங்க" போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "என்னண்ணே, எப்ப வந்த?" என்று கேட்பதில் மதுரைக்காரன் எந்த அவமரியாதையையும் பார்க்க மாட்டான். சொந்த அண்ணனிடம் அப்படித்தானே பேசுவோம்?

சிங்காநல்லூர் நண்பனை ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குக் கூட்டிப்போனேன். அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். வெயில், கூட்டம், நெரிசல். வழியெல்லாம் நீர்மோர், பானகம், சாப்பாட்டுப் பொட்டலம். ஒரு பாட்டி அவன் கையைப் பிடித்து இழுத்து, "ஏய் தம்பி, இந்தா வாங்கித் தின்னு, வெயில்ல ஏன் இப்படி நிக்கிற?" என்றார். அவன் வாங்கிச் சாப்பிட்டான். ராத்திரி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அந்தம்மா ஏன் என்ற மேல கோபப்பட்டாங்க?"

கோபமே இல்லை, பாசம்தான் என்று அவனுக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. முன்பின் தெரியாதவனைப் பேரனாக எடுத்துக்கொண்டு அதட்டிச் சோறு போட்டிருக்கிறார் பாட்டி. அவன் காதில் அது "ஏய்" என்று மட்டுமே விழுந்தது.

எனக்கும் இதே கதைதான், தலைகீழாக. முதல் செமஸ்டரில் ஒரு கடைக்காரரிடம் ஒரு உதிரிப் பாகம் கேட்டேன். "பாக்கலாங்க" என்றார். நான் நம்பி மூன்று நாள் அலைந்தேன். பிறகுதான் புரிந்தது, கோவை "பாக்கலாங்க"வில் பாதிக்கு மேல் "இல்லை" என்றே அர்த்தம். முகத்துக்கு நேராக இல்லை என்று சொன்னால் மனசு நோகும் என்று அதைப் பஞ்சில் சுற்றிக் கொடுக்கிறார்கள். மதுரைக்காரன் எடுத்த எடுப்பில் "அதெல்லாம் முடியாதுண்ணே" என்பான். பத்து நிமிடம் நின்று பேசினால் அவனே முடித்துக் கொடுப்பான். கோவைக்காரர் செய்கிறேன் என்று தேதி சொல்லிவிட்டால் அந்தத் தேதிக்குள் முடித்துவிடுவார். மதுரைக்காரன் "கவலைய விடுண்ணே, நாளைக்கு" என்றால் எந்த நாளைக்கு என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிஹி.

ஊர் எப்படிப் பேசக் கற்றுக்கொண்டது?

இதற்கெல்லாம் ரத்தம், மண், வீரம் என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு ஊர் எப்படிச் சம்பாதிக்கிறதோ அப்படித்தான் பேசும் என்பது என் கட்சி.

கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் மழை குறைவு. நொய்யல் சின்ன ஆறு. விவசாயம் என்றால் ஆழக் கிணறு வெட்டியாக வேண்டும். கரிசல் மண்ணில் பருத்தி நன்றாக வந்தது. 1888-ல் முதல் பெரிய நூற்பாலை வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின. மில்லுக்கு உதிரிப் பாகம் வேண்டும், கிணற்றுக்கு மோட்டார் வேண்டும். ஃபவுண்டரி, லேத் பட்டறை, பம்ப்செட் என்று ஒன்றைப் பிடித்து ஒன்று வளர்ந்தது. இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படுவது 1937-ல் ஜி.டி.நாயுடு காலத்தில் இங்கே உருவானது.

இந்தத் தொழிலில் பாதி சின்னப் பட்டறைகள். ஒருவர் வார்ப்பார், ஒருவர் கடைவார், ஒருவர் காயில் சுற்றுவார், ஒருவர் பூட்டுவார். எல்லாம் ஜாப் ஒர்க். இன்று எனக்கு வேலை கொடுக்கிறவர் நாளைக்கு என்னிடம் வேலை வாங்க வருவார். யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது. பல நேரம் எழுத்தில் ஒன்றும் இருக்காது, வாய்ப்பேச்சுதான். அப்படிப்பட்ட இடத்தில் "ங்க" என்பது முதலீடு மாதிரி. போட்டுவைத்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் திரும்பி வரும். மில் சங்குக்கு எழுந்து ஷிப்டுக்குப் போன ஊர் என்பதால் ராத்திரி சீக்கிரம் அடங்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. மில்கள் பல மூடிவிட்டன. பழக்கம் மூடவில்லை.

மதுரைக்கு வாருங்கள். இது வந்து போகிறவர்களின் ஊர். கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களின் சரக்கு வந்து இறங்கும் சந்தை ஒரு பக்கம். காய்கறி லாரி நடுராத்திரி வரும், மல்லிகை விடியலுக்கு முன்பே வந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தென்மாவட்டங்களில் இருந்து ஆம்புலன்ஸ் வரும். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை வந்ததும் வழக்குக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் ராத்திரி இரண்டு மணிக்கும் இட்லி வேண்டும், டீ வேண்டும், வழி சொல்ல ஆள் வேண்டும். "தூங்கா நகரம்" என்று நாங்கள் மார்தட்டிக்கொள்வது உண்மையில் நைட் ஷிப்டு பார்க்கும் ஊர் என்பதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் எதிரே நிற்பவரை மறுபடி பார்ப்போமா என்பது தெரியாது. பழகிப் பழகி நம்பிக்கை சம்பாதிக்க நேரம் இல்லை. இரண்டு நிமிடத்தில் உறவாகிவிட வேண்டும். அதற்குத்தான் "அண்ணே". சந்தை இரைச்சலில் குரலும் உயரத்தான் செய்யும். கூட்டத்தில் மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்?

ஆகவே கோவைக்காரர் பணிவு, மதுரைக்காரர் முரட்டுத்தனம் இரண்டும் பிறவிக் குணம் இல்லை. பட்டறையும் சந்தையும் கற்றுக்கொடுத்த பழக்கம். வேறு ஊரில் பத்து வருடம் இருந்தால் மாறிவிடும். எனக்கே இப்போது வீட்டில் போனில் பேசும்போது "சரிங்க" வந்துவிடுகிறது. "என்னடா, மாமியார் வீட்டுக்கா பேசுற?" என்று அம்மா கிண்டல் செய்கிறார்.

சினிமா செய்த வேலை

அந்த வீட்டுக்காரர் எத்தனை மதுரைக்காரர்களோடு பழகியிருப்பார்? தெரியாது. ஆனால் எத்தனை மதுரைப் படம் பார்த்திருப்பார் என்று ஊகிக்கலாம். 2004-ல் "கில்லி" வில்லன் மதுரை. 2008-ல் "சுப்ரமணியபுரம்". நல்ல படம்தான், நானும் நாலு தடவை பார்த்தேன். ஆனால் அதற்கப்புறம் வந்த வரிசையில் மதுரை என்றாலே சுமோ, அரிவாள், "அவிய்ங்க இவிய்ங்க" என்று ஆகிப்போனது. கோவைப் பக்கத்துக்குச் சினிமா கொடுத்தது ஆலமரம், சொம்பு, நாட்டாமை. 1992-ல் "சின்னக் கவுண்டர்", 1994-ல் "நாட்டாமை". ஒரு ஊருக்குக் குற்றவாளிக் கூண்டு, இன்னொரு ஊருக்கு நீதிபதி நாற்காலி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காமெடியைக் கவனியுங்கள். கவுண்டமணி உடுமலைப்பேட்டைப் பக்கம். சத்யராஜ், மணிவண்ணன், கோவை சரளா எல்லோரும் கோவை வட்டாரம். இவர்கள் பாணி நக்கல். எதிராளியை வாயாலேயே வெட்டிச் சாய்ப்பார்கள். கவுண்டமணி கையாலும் சாத்துவார். வடிவேலு மதுரை. அவர் பாணி என்ன? ஆரம்பத்தில் வீரமாகப் பேசிவிட்டு நன்றாக அடி வாங்குவது! பணிவான ஊர் கொடுத்த காமெடியன் அடிக்கிறார், அரிவாள் ஊர் கொடுத்த காமெடியன் அடி வாங்குகிறார். "ஊர்க் குணம்" என்ற கணக்கு சரியாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

என் ஊகம் இது. பகல் முழுக்க "ங்க" போட்டுப் பேசுகிற ஊருக்கு, அடக்கிவைத்த வார்த்தை எல்லாம் வெளியே வர நக்கல் வேண்டியிருக்கிறது. பகல் முழுக்கச் சத்தமாகச் சவடால் விடுகிற ஊருக்கு, அந்தச் சவடாலைத் தானே பார்த்துச் சிரித்துக்கொள்ள வடிவேலு வேண்டியிருக்கிறது. இரண்டு ஊருக்குமே தன் குறை தெரியும். அடுத்த ஊர்க்காரன் சொன்னால்தான் கோபம் வருகிறது.

சரித்திரமும் ஒத்துழைக்கவில்லை

"கோவை அமைதியான ஊர்" என்பார்கள். அந்த அமைதியான ஊரில்தான் மில் தொழிலாளர் போராட்டக் காலத்தில், ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நான்கு பேர் 1946 ஜனவரி 8-ம் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஊரில்தான் 1997 கடைசியில் கலவரமும் 1998 பிப்ரவரி 14-ல் தொடர் குண்டுவெடிப்பும் நடந்தன. குண்டுவெடிப்பில் மட்டும் 58 பேர் செத்தார்கள். "ங்க" போட்டுப் பேசிய தெருக்களில்தான் இதெல்லாம் நடந்தது. இதை வைத்து "கோவைக்காரன் வன்முறையாளன்" என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். அப்படியானால் நாலு கொலைச் செய்தியை வைத்து மதுரைக்காரனை மட்டும் எப்படி முடிவு கட்டுவது?

"மதுரைக்காரனுக்கு ஒழுங்கு வராது, தொழில் வராது" என்பது அடுத்த குற்றச்சாட்டு. டி.வி.எஸ். ஆரம்பித்தது மதுரையில், 1911-ல். பஸ் நேரத்துக்கு ஓட வேண்டும் என்பதற்குப் பேர் போன கம்பெனி. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் மதுரைதான். ஆபரேஷன் மேஜைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, டாக்டர் நேரம் வீணாகாமல், அசெம்ப்ளி லைன் மாதிரி கண்புரை எடுக்கும் முறையை உலகமே வந்து பாடமாகப் படித்துவிட்டுப் போகிறது. ஒழுங்கு வராத ஊரில் இது எப்படி நடந்தது?

"பழமையில் ஊறிய ஊர்" என்ற பட்டமும் மதுரைக்கு உண்டு. அந்த ஊரில்தான் 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத ஐயர், எதிர்ப்பையும் மீறி, அதுவரை அனுமதிக்கப்படாதவர்களை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப்போனார். கூடப் போனவர்களில் ஒருவர் பிற்காலத்தில் அமைச்சரான கக்கன்.

ஒரு ஊரின் குணம் இதுதான் என்று கோடு போட்டால், கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்தான் அதிகமாக இருக்கிறார்கள்.

இரண்டு ஊரும் ஒன்றாகும் இடம்

இத்தோடு முடித்திருந்தால் "ரெண்டு ஊரும் நல்ல ஊருங்க" என்று எல்லோரும் கைகுலுக்கிப் போய்விடலாம். ஆனால் ஒரு இடத்தில் இரண்டு ஊரும் ஒன்றுபோலவே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இத்தனை எழுதியது வீண்.

மதுரையில் சாதி சுவரில் இருக்கும். பிறந்தநாள் போஸ்டர், காதுகுத்து ஃபிளெக்ஸ், பைக்கின் நம்பர் பிளேட். பத்தடி உயரத்தில் பட்டப்பெயரோடு சிரிப்பார்கள். கோவையில் அவ்வளவு சத்தம் போட மாட்டார்கள். மெதுவாகக் கேட்பார்கள். "எந்த ஊருங்க? அங்க எந்தப் பக்கமுங்க? அப்பா என்ன பண்றாருங்க? சொந்தக்காரங்க யாருங்க?" நாலாவது கேள்வி முடியும்போது அவர்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும். நேரடியாக ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு ஊர் கத்திச் சொல்கிறது, இன்னொரு ஊர் மரியாதையாக விசாரிக்கிறது. அந்தப் பக்கம் நிற்பவனுக்கு இரண்டிலும் வலி ஒன்றுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், கேட்க வேண்டியதுதான்.

மதுரையில் எங்கள் மாமா வீட்டு மாடியிலும் ஒரு போர்ஷன் வாடகைக்கு விடுவார்கள். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. கணவன், மனைவி, என் வயதில் ஒரு பையன். மாமா வாய் நிறைய "வாண்ணே, உட்காருண்ணே" என்றார். நான்தான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச்சுவாக்கில் அவர்கள் ஊரையும் தெருவையும் கேட்டார். தெருப்பெயர் சொன்னதும் மாமா முகம் மாறியது. "ஏற்கெனவே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாருண்ணே, மறந்தே போனேன்" என்றார். யாரும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அது எனக்கும் தெரியும். அந்தப் பையன் படி இறங்கும்போது ஒரு தடவை திரும்பி மேலே பார்த்தான்.

இதை நான் மறந்தே போயிருந்தேன். பீளமேட்டில் "பாக்கலாங்க" கேட்டுவிட்டுப் படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. என்னுடையது சின்ன விஷயம். மதுரை என்பதை மறைத்துவிட்டு நான் நாளைக்கே வேறு வீடு பிடித்துவிடலாம். சினிமா பாணி மாறினால் அடுத்த பத்து வருடத்தில் மதுரைக்காரன் மேல் உள்ள பயமும் போய்விடலாம். அந்தக் குடும்பத்துக்கு அப்படி எந்த வழியும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் தெருப்பெயர் கூடவே வரும்.

ஒரு மனிதனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவன் எங்கிருந்து வருகிறான் என்பதை வைத்து முடிவு கட்டும் பழக்கம் ஒன்றுதான். ஊரை வைத்துச் செய்தால் ஜோக் ஆகிறது. சாதியை வைத்துச் செய்தால் கொடுமை ஆகிறது. ஜோக்கில் பழகிய மனசு அடுத்ததையும் சுலபமாகச் செய்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் சொல்லலாம். வீடு தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக

எங்களுக்கு வீடு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. சிங்காநல்லூர் நண்பனின் அப்பா, ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர், தன் தெரிந்தவர் ஒருவரிடம் கூட்டிப்போனார். "மதுரைப் பசங்கதானுங்க. ஆனா பசங்களுக்கு நான் பொறுப்புங்க" என்றார். அந்த ஒரு வாக்குக்கு வீடு கிடைத்தது. அட்வான்ஸில் பத்தாயிரம் குறைத்தும் கொடுத்தார்கள். கோவையில் வாய்ப்பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அன்று நேரில் பார்த்தேன். "மதுரைப் பசங்கதானுங்க, ஆனா" என்பதில் இருந்த அந்த "ஆனா"வும் காதில் விழத்தான் செய்தது.

அவர் எங்களை முதலில் பார்த்தது திருவிழாவுக்கு மகனை நான் கூட்டிப்போன பிறகு. எங்கள் வீட்டில் அவனுக்கு இரண்டு நாளில் ஐந்து வேளை கறிச்சோறு போட்டு அம்மா செய்த கொடுமையை அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். :-) அதுவரை அவருக்கும் மதுரை என்றால் சுமோதான். இப்போது மதுரை என்றால் என் அம்மா. இதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் நமக்குத் தெரிந்த ஒரு முகமாவது வேண்டும்.

நம் க்ளாஸ் பசங்களுக்கு ஒரே வேண்டுகோள். பாலம், பிரியாணி, சிறுவாணித் தண்ணீர், ஜிகர்தண்டா, இவற்றை வைத்து விடிய விடியச் சண்டை போடுவோம். நானும் வருகிறேன், மதுரை சார்பில் மூக்கு உடைபடும்வரை பேசுகிறேன். "மதுரைக்காரனா, பார்த்துப் பழகு", "கோயம்புத்தூர்க்காரனா, உள்ளே ஒன்று வெளியே ஒன்று", இந்த இரண்டு வரியை மட்டும் விட்டுவிடுவோம். நாளைக்கு நாமும் வீட்டுக்காரர்களாக ஆவோம், ஆள் எடுக்கும் இடத்தில் உட்காருவோம். அன்று நம் எதிரில் காபி டம்ளரோடு யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருப்பான்.

மாமாவிடம் இன்னும் இதைப் பற்றிப் பேசவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கேட்க வேண்டும். மதுரை மாதிரி முகத்துக்கு நேராகக் கேட்பதா, கோவை மாதிரி "ங்க" போட்டுக் கேட்பதா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.